ஓசை போன வீடு

ஏற்காட்டில் பனி இறங்கும் மாதங்களில், நப்பின்னையின் பட்டறைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று ஒருமுறை இருமுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வெள்ளைப் புகை மட்டுமே தெரியும். இருமலை வைத்து வந்தது யாரென்று அறிந்துகொள்வார்கள்.

அது காப்பிக்கொட்டை அடுக்கிவைத்த பழைய கிடங்கு. நப்பின்னை வாரநாட்களில் காப்பித் தோட்ட இயந்திரங்களுக்கு மின்சுற்றுகள் செய்துகொடுப்பாள். ஞாயிறு காலைகளில், ஆசைக்காக எலக்ட்ரானிக்ஸ் பழக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவாள். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. எல்லோரும் அவளை டீச்சர் என்றே அழைத்தார்கள். கேட்ட கேள்விக்கு அவள் வாயால் பதில் சொல்வது குறைவு. எதையாவது எடுத்து மேசைமேல் வைப்பாள்.

அவளுடைய மாணவர்களில் மூத்தவர் தணிகைவேல். அறுபதைத் தாண்டியவர். ஏரிக்கரையில் பேக்கரி நடத்தியவர். கடையை மகளிடமும் மருமகனிடமும் விட்டுவிட்டு, ரொட்டி பிசைந்த கையால் சால்டரிங் பழகிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் செய்துவைத்த வேலைகள் பல. பொழுது சாய்ந்தால் வாசல் விளக்கு தானே எரியும். விடியும்போது குளியலறை கீசர் தானே சுடும். படுக்கையறையில் குளிர் கூடினால் ரூம் ஹீட்டர் தானே உயிர்பெறும். தொட்டி காலியானால் மோட்டார் தானே ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே. வெல்லக்கட்டி அளவில் ஒரு நீலப் பெட்டி. உள்ளே கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும். காந்தம் ஒரு சிறு இரும்பு நாக்கை இழுக்கும். 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும்; மின்சாரம் நின்றால் 'டக்' என்று விடும்.

ஒரு ஞாயிறன்று அவர் கேட்டார்.

"டீச்சர், சத்தமில்லாத ரிலே இருக்கா?"

"எந்தச் சத்தம் ஐயா?"

"டக்குனு விழுதே, அது."

"அது விழற சத்தம் இல்ல. நாக்கு ஒட்டற சத்தம்."

"ஒட்டாம வேலை செய்யற மாதிரி?"

நப்பின்னை எழுந்து போய் இரண்டு எல்.இ.டி. பல்புகளைக் கொண்டுவந்தாள். ஒன்றை ரிலேயில் இணைத்தாள். மற்றதை, தட்டையான கறுப்புக் கட்டி ஒன்றில் இணைத்தாள்.

"இதுவும் அதே வேலையைத்தான் செய்யும். ஆனா உள்ள அசையற பாகமே கிடையாது. சிலிக்கான் மட்டும்தான். தேயாது, பொறி பறக்காது. எவ்வளவு வேகமா வேணும்னாலும் போட்டு அணைக்கலாம்."

இரண்டையும் போட்டாள். ஒரு பக்கம் 'டக்' என்றது. மறுபக்கம் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் மட்டும் சொல்லாமல் வந்து நின்றது.

தணிகைவேலின் முகம் மலர்ந்தது. "இதுதான் டீச்சர். இதேதான்."

நப்பின்னை இரண்டையும் அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். பட்டறை மங்கியது. ரிலேயில் இருந்த பல்பு இருண்டுவிட்டது. மற்றது, பனிக்குப் பின்னால் இருக்கும் நிலாவைப்போல லேசாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

"இன்னும் அணைக்கலையா?"

"அணைச்சாச்சு. ஆனா இது முழுசா விடாது. கொஞ்சம் கசியும்."

"அடக்க முடியாதா?"

"முடியும். பல்போட பக்கத்துல ஒரு சின்ன ரெசிஸ்டரை வெச்சா, கசியறதை அது குடிச்சுடும். ஆனா கையை வைக்கிறதுக்கு முன்னாடி மெயினை அணைச்சுடணும். இது அணைஞ்சிருக்குன்னு நம்பித் தொடக்கூடாது."

"வேற?"

"சூடாகும். முதுகுல அலுமினியத் தகடு கட்டணும். அப்புறம், ரிலே கெட்டா அணைஞ்சும் நிக்கலாம், ஒட்டிக்கிட்டும் நிக்கலாம். இது கெட்டா பெரும்பாலும் எரிஞ்சபடியேதான் நிக்கும்."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"சத்தம் யாருக்குத் தொந்தரவு ஐயா?"

தணிகைவேல் சாத்திய ஜன்னலைப் பார்த்தார். "வீட்டுக்கு" என்றார்.

நப்பின்னை கறுப்புக் கட்டிகளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் சொல்லாமல் விட்டது தன் மனைவியைப் பற்றி.

சௌந்தரத்தின் கண்பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டே வந்து, சென்ற ஆண்டு முழுவதுமாக நின்றுபோயிருந்தது. பேக்கரியின் கல்லாவில் காலமெல்லாம் நின்று, ஊரில் ஒவ்வொரு முகத்தையும் அறிந்து வைத்திருந்தவள். செய்தி தெரிந்தபின் கடைக்கு வருகிறவர்கள் தணிகைவேலிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்தத் தாழ்ந்த குரலை அவரால் தாங்க முடியவில்லை. அதனால் புது இடங்களில் அவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஒருநாள் மாலை, வாசல் ரிலே 'டக்' என்றபோது சௌந்தரம் வெடுக்கென்று முகத்தைத் திருப்பியதை அவர் பார்த்தார். பயந்துவிட்டாள் என்று எண்ணினார். அன்றிலிருந்து ஒவ்வொரு 'டக்'கும் அவர் நெஞ்சில் குத்தியது. இருட்டில் இருக்கிறவளைச் சுற்றி இத்தனை சத்தங்களை நானே கட்டிவைத்தேனே என்று நினைத்தார்.

அவளிடம் சொல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக எல்லா ரிலேக்களையும் கழற்றினார். எல்லா இடத்திலும் கறுப்புக் கட்டியை வைத்தார். தகடு கட்டினார். கசிவை அடக்கினார். வேலை சுத்தமாக இருந்தது.

வீடு அமைதியானது. பனி ஜன்னல் வரை வந்து நின்றது. விளக்குகள் நினைவைப்போல வந்தன, நினைவைப்போல மறைந்தன. கீசர் தூக்கத்தில் சுட்டுத் தூக்கத்தில் தணிந்தது. தணிகைவேல் சில நாட்கள் கூடத்தில் சும்மா உட்கார்ந்து, எதுவும் கேட்காததைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ மேகத்துக்குள் குடியிருப்பதுபோல் இருந்தது.

சௌந்தரம் அடிக்கடி மணி கேட்கத் தொடங்கினாள்.

அறை நடுவில், ஒரு கையை நீட்டியபடி நின்றுவிடுவாள். எதற்கு வந்தோம் என்று யோசிப்பவள்போல இருக்கும். அவர் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைப்பார். அவளும் உட்கார்ந்துகொள்வாள்.

ஒருநாள் அவர் பேக்கரிக்குப் போய்விட்டு இருட்டியபின் திரும்பினார். வாசலில் சௌந்தரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது. புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"உள்ள போகாம என்ன பண்றே?"

"பொழுது சாயட்டும்னு இருக்கேங்க."

அவள் தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சாஞ்சு ரொம்ப நேரமாச்சே."

"ஆயிடுச்சா?" என்றாள். செய்யக்கூடாத தவறு ஒன்றைச் செய்துவிட்டவளைப்போல அவசரமாக எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார். கை ஐஸ்கட்டியாக இருந்தது.

அந்த வாரமே ஒரு விடியலில் குளியலறையில் வாளி உருண்டது. சௌந்தரம் கத்தவில்லை. வாளியின் சத்தம் கேட்டுத்தான் அவர் ஓடினார். தரையில் ஆவி பறந்தது. அவளுடைய வலதுகை விரல்கள் சிவந்து தடித்திருந்தன.

மருத்துவரிடம் போய் வந்தபின், கட்டிலில் உட்காரவைத்து அவரே மருந்து தடவினார்.

"ஏன் சௌந்தரம், குழாயைத் தொறந்து உடனே கையை விடலாமா?"

"பச்சைத் தண்ணின்னு நெனச்சேங்க. கீசர் ஓடவே இல்லையே."

"ஓடுச்சே."

"ரெண்டு டக் கேக்கும்ல? மொத டக்குக்கு எழுந்திருப்பேன். ரெண்டாவது கேட்டா தண்ணி காஞ்சாச்சு, விளாவிக்கணும். இப்பல்லாம் கேக்கறதே இல்ல. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நீங்க ஆசையா செஞ்சது, சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

மருந்துக் குழாய் அவர் கையில் அப்படியே நின்றது.

"அந்தச் சத்தம் உனக்குப் பயமா இருக்குன்னு..."

"நான் எப்பங்க பயந்தேன்?"

"அன்னிக்கு வாசல் லைட்டு போட்டப்ப வெடுக்குனு திரும்பினியே."

"அட, அதுவா? பொழுது சாஞ்சுடுச்சுன்னு திரும்பினேன். நீங்க கடையிலேர்ந்து வர்ற நேரம், அந்தப் பழக்கம் இன்னும் விடலயே."

தணிகைவேல் மிச்ச விரல்களுக்கும் மருந்து தடவினார்.

ஞாயிறு காலை அவர் பட்டறை வாசலில் இருமாமல் உள்ளே வந்தார். கறுப்புக் கட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"கெட்டுப்போச்சா ஐயா?" என்றாள் நப்பின்னை.

"இல்ல டீச்சர். ரொம்ப நல்லா வேலை செய்யுது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கண்பார்வையைச் சொன்னார். பனியில் நனைந்த புடவையைச் சொன்னார். விரல்களைச் சொன்னார். அங்கிருந்த மற்றவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். யாரும் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை, ஏனென்றால் யாரும் பேசவே இல்லை.

"இப்ப ஒரு யோசனை வெச்சிருக்கேன். இதையே வெச்சுக்கலாம். கூட ஒரு சின்ன பஸ்ஸர். போட்டா ஒரு பீப், அணைச்சா ரெண்டு பீப். மோட்டாருக்கு மூணு. பழைய ரிலே தேஞ்சுபோற சாமான்தானே டீச்சர்? எது நல்லது? ரிலேயா, இதுவா, இதோட பஸ்ஸரா? நீங்க எதைச் சொல்றீங்களோ அதைச் செஞ்சுடறேன்."

நப்பின்னை சால்டரிங் அயர்னை அணைத்தாள். ஒரு பையில் சில சாமான்களைப் போட்டுக்கொண்டாள். மூலையிலிருந்த குடையை எடுத்தாள்.

"வாங்க."

"எங்க டீச்சர்?"

"உங்க வீட்டுக்கு."

பனிக்குள் இருவரும் நடந்தார்கள். சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து, பக்கத்தில் நின்று, பின்னால் போயின. வழியில் அவர் இரண்டுமுறை அதே கேள்வியைக் கேட்டார். அவள் பார்த்து நடக்கச் சொன்னாள்.

சௌந்தரம் கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், இடதுகையால்.

"யாருங்க கூட?"

"நான் நப்பின்னைம்மா. ஐயாவுக்குச் சொல்லிக்குடுக்கறவ."

"டீச்சரா? ஏதோ வயசானவங்கன்னு நெனச்சேன். குரல் காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கு. உக்காரு கண்ணு."

நப்பின்னை சிரித்தபடி அவள் எதிரில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு ரிலேயை எடுத்து, அவளுடைய இடது உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு கம்பிகளை பேட்டரியில் தொட்டாள்.

'டக்.'

சௌந்தரத்தின் புருவம் உயர்ந்தது. "இதானா அது? இவ்வளவு சின்னதா? உள்ள ஒரு வண்டு இருக்கற மாதிரி இருக்கு."

அதை எடுத்துவிட்டு, கறுப்புக் கட்டியை வைத்தாள்.

"இது?"

"இதுவும் இப்ப வேலை செஞ்சுக்கிட்டுதான்மா இருக்கு."

"தெரியலையே கண்ணு."

"தெரியாதும்மா."

கடைசியாக பஸ்ஸரை வைத்தாள். அது 'பீப்' என்றது. சௌந்தரம் கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

"பிடிக்கலையாம்மா?"

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கற மாதிரி இருக்கு."

தணிகைவேல் முன்னால் வந்தார். "இல்ல சௌந்தரம், இது உனக்குத் தெளிவா சொல்லும். எது போட்டுச்சு, எது அணைஞ்சுச்சுன்னு..."

"அதாங்க. இது எனக்குன்னே கத்துது." அவள் மேசையில் தடவி, ரிலேயைத் தேடி எடுத்தாள். "இது யாருக்கும் கத்தல. தன் பாட்டுக்கு வேலையைப் பாக்குது. நான் கேட்டுக்கறேன்."

தணிகைவேல் பஸ்ஸரை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப எந்த இடத்துல எது இருக்கணும்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள் நப்பின்னை.

சௌந்தரம் எழுந்தாள். சுவரைத் தடவியபடி முன்னே நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். குளியலறைக் கதவருகே நின்றாள்.

"இங்க டக்."

"சரிம்மா."

வாசலுக்குப் போனாள். "இங்கயும் டக். கொஞ்சம் பலமாவே கேக்கட்டும். அடுப்படியில இருந்தாலும் கேக்கணும்."

"மரப்பலகையில வெச்சுப் பொருத்திடலாம். பலகை அந்தச் சத்தத்தை வாங்கிப் பெருசாச் சொல்லும்."

"மோட்டாருக்கு எதுக்குங்க? அதுவே ஊரைக் கூட்டுது."

"அதுக்கு சத்தமில்லாததுதான் நல்லதும்மா. மோட்டார் ரிலேயோட நாக்கைச் சீக்கிரம் கருக்கிடும்."

சௌந்தரத்துக்கு அது பிடித்திருந்தது. தான் சொன்னது சரியாக இருந்தது என்பதுபோல ஒருமுறை தலையாட்டினாள். பல வாரங்களாக அவள் அப்படித் தலையாட்டவில்லை.

கடைசியாகப் படுக்கையறை. அங்கே அவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

"இங்க சத்தமில்லாததே இருக்கட்டும்."

"ஆமா, தூக்கம் கெடும்" என்றார் தணிகைவேல். "இது ராத்திரி பூரா போட்டு அணைச்சுப் போட்டு அணைக்கும்."

"தூக்கத்துக்கு இல்லங்க. இங்க எனக்குக் கேக்க வேற ஒண்ணு இருக்கு."

சொல்லிவிட்டு, காப்பி போடுவதற்காக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் நப்பின்னையைப் பார்த்தார். அவள் ஹீட்டரின் பின்புறத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இது கெட்டா எரிஞ்சபடியே நிக்கும்னு சொன்னேன்ல? படுக்கற அறை. மேல ஒரு ரிலேயையும் காவலுக்கு வெச்சுடலாம். எப்பவும் ஒட்டியே இருக்கும், சத்தம் வராது. சூடு மீறினா மட்டும் விடும். அது டக்குனா எழுந்துடுங்க."

அடுப்படியிலிருந்து சௌந்தரத்தின் குரல் வந்தது. "அது பேசாமலே இருக்கட்டும் கண்ணு."

அந்தப் பகல் முழுவதும் வேலை நடந்தது. மெயினை அணைத்துவிட்டதால் வீடு மங்கலாக இருந்தது. பனி அறைக்குள் வந்து அவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சௌந்தரம் நடுநடுவே வந்து, புதுப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு திருகு கீழே விழுந்து உருண்டபோது, அது எங்கே போய் நின்றதென்று அவள்தான் சொன்னாள்.

வேலை முடிந்தது. மூவரும் கூடத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைச் சுடவைத்துக் குடித்தார்கள். நப்பின்னை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பேக்கரியில் பன்னுக்கு மாவு எப்படிப் புளிக்கவைப்பார்கள் என்று. தணிகைவேல் அதைச் சொல்வதில் மூழ்கிவிட்டார். வெளியே பனியின் வெள்ளை சாம்பல் நிறமானதை இருவருமே கவனிக்கவில்லை.

'டக்.'

வாசல் பலகை அந்த ஓசையை வீடு முழுவதும் கொண்டுபோனது.

சௌந்தரம் முகத்தைத் திருப்பினாள். "பொழுது சாஞ்சுடுச்சு. டீச்சரம்மா, பேச்சுல நேரம் போனது தெரியாம உக்காந்திருக்கியே, இருட்டறதுக்குள்ள கெளம்பு கண்ணு. ஏங்க, கேட்டு வரைக்கும் போயிட்டு வாங்க. பாதையில ஈரமா இருக்கும், அவளைப் புல்லு ஓரமா நடக்கச் சொல்லுங்க."

இருவரும் எழுந்தார்கள்.

வாசல் விளக்கின் வெளிச்சம் கேட் வரை வந்து, அதற்கப்பால் பனியில் கரைந்தது. தணிகைவேல் கேட்டைத் திறந்துவிட்டு, அதன்மேல் கையை வைத்தபடி நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்க ஐயா."

"மத்ததெல்லாம் புரிஞ்சுது. அந்த ரூம்ல கேக்கறதுக்கு வேற ஒண்ணு இருக்குன்னு சொன்னாளே. நானும் பகல் பூரா யோசிச்சுட்டேன். ராத்திரி நாங்க பேசறதுகூட இல்ல. படுத்ததும் நான் குறட்டை விட்டுத் தூங்கிடுவேன். அங்க கேக்க என்ன டீச்சர் இருக்கு?"

நப்பின்னை குடையை விரித்தாள்.

"அதை என்கிட்டயா கேக்கறீங்க?"